ஊருக்குப் போன இடத்தில் உடம்பு கடித்தால்

போன மார்கழியில் யாழ்ப்பாணம் போய் இறங்கிய மூன்றாம் நாள், கிணற்றடியில் குளித்துவிட்டுக் கொடியில் கிடந்த துவாயை எடுத்துத் துடைத்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, கழுத்தும் முதுகும் நெருப்புப் பட்ட மாதிரி. கொடி கட்டியிருந்தது முருங்கை மரத்தில், அந்த மரத்தின் அடியில் ஓர் ஆள் உயரத்துக்கு மயிர்க்கொட்டி (கம்பளிப்பூச்சி) சடைத்துப்போய்க் கிடந்ததை அப்போதுதான் கண்டேன். மாமி தேசிக்காய் (எலுமிச்சை) வெட்ட ஓடினார், நான் சொறியத் தொடங்கினேன், இரண்டுமே பிழை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணை ஒருவர், "தேய்க்காதேங்கோ தம்பி, ஒட்டுற டேப் கிடக்கோ?" என்று கேட்டிருக்காவிட்டால் அன்றைய நாள் எப்படிப் போயிருக்கும் என்று தெரியாது.

விஷயம் இதுதான். மயிர்க்கொட்டியின் மயிர் தோலுக்குள் குத்தி நிற்கிறது, தேய்க்கத் தேய்க்க இன்னும் உள்ளே போகும். டேப்பை ஒட்டி ஒட்டி இழுத்தால் நிறைய மயிர் அதோடு வந்துவிடும். அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, கலமைன் பூசினால் போதும். போட்டிருந்த உடுப்பை மறுபடி போடாதீர்கள், தோய்க்கக் கொடுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிதான். மாரி காலத்தில் போகிறவர்களுக்கு முதல் புத்திமதி: கொடி எந்த மரத்தில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். பந்தம் பிடித்து மரத்திலுள்ள மயிர்க்கொட்டியைக் கொளுத்துவார்கள், அந்த நேரம் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

இன்னொன்று, "கடிக்குது" என்று ஊரில் சொல்வது அரிப்பைத்தான். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏதோ பூச்சி கடித்ததென்று விளங்கும். எங்கே, எப்போதிருந்து, என்ன மாதிரி என்று கேட்டுக்கொண்டு மருந்துக்குப் போங்கள், ஏனென்றால் ஒரு கடிக்கு உதவுவது மற்றக் கடியைக் கூட்டிவிடும்.

ஆடி ஆவணியில் போகிறவர்களுக்கு வேர்க்குரு. வியர்வை வெளியே வரும் துளை அடைபடுவதால் வருவது அது, அதன்மேல் தேங்காய் எண்ணெய் பூசினால் இன்னும் அடைக்கும். பவுடர் அள்ளிக் கொட்டுவதும் வியர்வையில் குழைந்து அதே வேலையைத்தான் செய்யும். குளிர்ந்த தண்ணீரில் குளித்து, ஒற்றித் துடைத்து, மெல்லிய பருத்தி உடுப்போடு ஃபானுக்குக் கீழே இருப்பதுதான் மருந்து. நுங்குக் காலமென்றால் அம்மம்மாமார் நுங்குத் தண்ணியைப் பூசிவிடுவார்கள், குளிர்ச்சியாக இருக்கும், பூச விடுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆம்பிளைகள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், வேர்க்குருவுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. பட்டுச் சேலையில் நிற்கிற பெண்கள் பாடுதான் பாவம்.

ஆனால் வறண்ட தோல், எக்சிமா உள்ளவர்களுக்குக் கதை வேறு. யாழ் குடாநாட்டுக் கிணறுகளில் இருப்பது சுண்ணாம்புக் கல்லில் ஊறும் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது, குளித்து வந்தால் தோல் இழுத்துப் பிடிக்கும். இவர்கள் ஈரம் காயமுன் தேங்காய் எண்ணெய் பூசலாம், நல்லதும்கூட.

வேப்பிலை அவித்து ஆறவைத்த தண்ணீரில் குளிக்கலாம், கற்றாழைச் சோற்றையும் பூசலாம், ஆனால் வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் வைத்துப் பாருங்கள். என் கணக்கு லேசானது: வீட்டு மருந்தில் குளிரச் செய்வதை வைத்துக்கொள், எரியச் செய்வதை விடு. பச்சை உள்ளி (வெள்ளைப்பூண்டு) தோலைச் சுட்டுவிடும். தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் போட்டுக் கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வேப்பெண்ணெயைக் குழந்தைக்குப் பருக்கச் சொல்லி யார் சொன்னாலும், எத்தனை வயது மூத்தவர் என்றாலும், வேண்டாம், அது நஞ்சாகும்.

மாம்பழக் காலத்தில் பிள்ளைகளின் வாயைச் சுற்றிச் சிவந்து வீங்கினால் பழத்தைவிட அதன் பாலைத்தான் முதலில் சந்தேகியுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைக் காம்போடு பிடுங்கி, காம்பை வெட்டிக் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிட்டு, கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். கல்யாண வீட்டில் கன்னங்கரேலென்று உடனே நிறம் பிடிக்கிற மாதிரி வைக்கும் கறுப்பு மருதாணியையும் தவிருங்கள், அதில் தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கலாம், கை கொப்புளிக்கும்.

சாப்பாட்டு அலர்ஜிக்காரர் ஒடியற் கூழில் (பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ்) அவதானம். நண்டு, இறால், கணவாய், மீன் எல்லாம் ஒரே பானை, "இறாலை ஒதுக்கிவிட்டுக் குடி" என்பது அலர்ஜிக்குச் சரிவராது. சூரை மீன் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து உடம்பு கடித்தால் அது அலர்ஜியாகவே இருக்கவேண்டியதில்லை: வெயிலில் கிடந்த மீனில் ஹிஸ்டமின் என்ற, அரிப்பைக் கிளப்பும் பொருள் சேர்ந்துவிடும், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. சந்தையில் காலையிலேயே, ஐஸில் கிடப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

உதடு, நாக்கு வீங்குதல், குரல் மாறுதல், மூச்சு இழுத்தல், தலை சுற்றி விழப்பார்த்தல், இதில் எது வந்தாலும் வேப்பிலையும் வேண்டாம், செட்டிரிசின் என்ற அலர்ஜிக் குளிசை வேலை செய்யுமா என்று காத்திருக்கவும் வேண்டாம். அட்ரினலின் பேனா (கடும் அலர்ஜிக்குத் தானே குத்தும் ஊசி) இருந்தால் வெளித்தொடையில் குத்தி, ஆளைப் படுக்கவைத்து (மூச்சு முட்டினால் உட்காரவைத்து) 1990க்கு ஃபோன் எடுங்கள், இலவச அம்புலன்ஸ். யாழ் போதனா வைத்தியசாலை தூரமென்றால் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரியில் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. பேனாவை அங்கே பார்மசியில் வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், இரண்டாகக் கொண்டு போங்கள், கைப்பையில். வான் டாஷ்போர்டில் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும். நெடுந்தீவுக்குப் படகேறுகிறவர்கள் அதைக் கரையில் வானுக்குள் விட்டுவிட்டுப் போனால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பார்மசியில் "கடிக்கு ஒரு கிறீம்" என்று மட்டும் கேட்காதீர்கள். வட்டமாக, ஓரம் தடித்துப் படர்வது படர்தாமரை, அதற்கு ஸ்டீரொயிட் கலந்த கிறீம் பூசினால் இரண்டு நாள் அடங்கி, பிறகு இன்னும் பெரிதாகப் படரும். இரவில் கூடக் கடித்து, வீட்டில் இரண்டு மூன்று பேர் விரலிடுக்கைச் சொறிந்தால் சிரங்கு, டொக்டரிடம் காட்டி எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசை போட்டால் நித்திரை தூக்கும், மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள்.

நான் திரும்பி வந்தபிறகு மாமி கொடியை முருங்கையிலிருந்து அவிழ்த்து மாமரத்தில் கட்டியிருக்கிறாராம். அதில் முசுறு எறும்பு.