முழங்கால் மூட்டுத் திரவத்தில் புரதங்களை அளப்பது: ஊசி முதல் எண்கள் வரை

முழங்கால் தேய்மானத்தில் குருத்தெலும்பு உடையும்போது சிதறும் புரதத் துண்டுகள் முதலில் வந்து சேரும் இடம் மூட்டுத் திரவம். ரத்தத்துக்குள் போவதற்குள் அவை நீர்த்துவிடும். போதாக்குறைக்கு உடம்பின் மற்ற மூட்டுகளிலிருந்து வருவதோடும் கலந்துவிடும். அதனால் முழங்காலின் சேதியை முழங்காலிலேயே கேட்பதுதான் சரி. ஆனால் இந்தத் திரவம் எளிதில் மசியாது. புரதத்தில் பெரும்பங்கு பிளாஸ்மாவிலிருந்து கசிந்து வந்த ஆல்புமினும் இம்யூனோகுளோபுலினும்தான். ஆல்புமினுக்கும், அழற்சியைக் காட்டும் சிறு புரதமான இன்டர்லூகின்-6க்கும் இடையே செறிவில் கோடி மடங்குக்கு மேல் வித்தியாசம். இதோடு ஹயலுரோனிக் அமிலத்தின் பிசுபிசுப்பும் சேர்கிறது. இத்தனையையும் புரதத் துண்டுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இறங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். திரவம் ஊசியில் ஏறிய முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது.

எடுக்கும் இடத்தில்

நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கையில் வந்த பிறகே தொடங்குங்கள். திரவத்தை எடுக்க வேண்டியவர் பயிற்சி பெற்ற மருத்துவர். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டிய நிலையில், முழங்கால் சில்லின் மேல்-வெளிப் பக்கமாக 18 அல்லது 20 கேஜ் ஊசியைச் செலுத்துவதே வழக்கம். மரத்துப்போகச் செய்யும் மருந்து தோலோடு நிற்க வேண்டும். மூட்டுக்குள் போனால் மாதிரி நீர்த்துவிடும். கடந்த 3 மாதங்களில் மூட்டுக்குள் ஸ்டீராய்டோ ஹயலுரோனிக் அமில ஊசியோ போட்டிருந்தால் அந்த முழங்காலைச் சேர்க்காதீர்கள். மூட்டு மாற்று அறுவையின்போது எடுப்பதானால் மூட்டு உறையைத் திறப்பதற்கு முன்பே ஊசியால் எடுத்துவிடுங்கள். திறந்த பிறகு கிடைப்பது ரத்தம் கலந்த திரவம்தான்.

திரவத்தை ஈடிடிஏ குழாயில் பிடியுங்கள். அது உறைவதைத் தடுக்கும். குருத்தெலும்பை அரிக்கும் மெட்டலோபுரோட்டியேஸ்களையும் முடக்கும். (அதே நொதிகளின் செயல்திறனை அளப்பது நோக்கமானால் ஈடிடிஏ ஆகாது. அதற்குத் தனிக் குழாய் வேண்டும்.) புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) தடுப்பு மருந்துக் கலவை சேர்ப்பதாக இருந்தால் அதில் பிஎம்எஸ்எஃப், ஏஇபிஎஸ்எஃப் போன்றவை உண்டா என்று பாருங்கள். புரதத்தைத் துண்டாக்கப் பிறகு நாம் சேர்க்கும் ட்ரிப்சின் நொதியையும் அவை தடுக்கும்.

ஒரு துளியைத் தனியே எடுத்து வெள்ளை அணுக்களை எண்ணுங்கள். போலரைஸ்டு நுண்ணோக்கியில் படிகங்களையும் தேடுங்கள். தேய்மானத் திரவத்தில் அணுக்கள் பொதுவாக ஒரு மைக்ரோலிட்டருக்கு 2,000க்குக் கீழே இருக்கும். அதைத் தாண்டினால் அழற்சி வாதமோ கிருமித் தொற்றோ இருக்கலாம். வயதானவர்களின் தேய்ந்த முழங்காலில் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகம் இருப்பது அபூர்வமல்ல. பதிவு செய்யாமல் விட்டால் அது பின்னால் குழப்பும்.

அடுத்து குழாயை அச்செழுத்துள்ள வெள்ளைத் தாளின் மேல் பிடித்துப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில், பின்னாலுள்ள எழுத்தைப் படிக்கும் அளவு தெளிவாக இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பு தட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பணு உடைந்திருந்தால் ஹீமோகுளோபினோடு கார்போனிக் அன்ஹைட்ரேஸ், கேட்டலேஸ், பெராக்சிரெடாக்சின்-2 ஆகியவையும் திரவத்தில் ஏறிவிடும். அவற்றைத் தேய்மானத்தின் அடையாளம் என்று தவறாக எழுதிவிட நேரும். கண்ணை மட்டும் நம்பாமல், சுழற்றித் தெளிந்த திரவத்தின் 414 நானோமீட்டர் ஒளி உட்கவர்வையும் ஒவ்வொரு மாதிரிக்கும் எழுதிவையுங்கள்.

சுழற்றாமல் உறையவைக்காதீர்கள்

இந்த வேலையில் ஒரே ஒரு விதியைத்தான் வற்புறுத்தலாம் என்றால் அது இதுதான். செல்களோடு சேர்த்து உறையவைத்தால் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். ஆக்டின், ஹிஸ்டோன், கிளைகாலிசிஸ் நொதிகள் எல்லாம் திரவத்தில் கொட்டும். மூட்டுத் தேய்மானம் பற்றி ஆக்ஸ்ஃபோர்டு முன்னின்று நடத்திய ஸ்டெப்-அப் ஓஏ ஆய்வில் 1,700க்கும் மேற்பட்ட முழங்கால் திரவ மாதிரிகளை அளந்தபோது, தரவில் தெரிந்த மிகப் பெரிய வேறுபாடே செல்லுக்குள் இருக்க வேண்டிய புரதங்களோடு பிணைந்திருந்தது.

ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் முதலில் 500 ஜி (புவியீர்ப்பைப் போல் 500 மடங்கு) விசையில் 10 நிமிடம் மெதுவாகச் சுழற்றிச் செல்களை இறக்குங்கள். மேல்திரவத்தை வேறு குழாய்க்கு மாற்றி, 3,000 ஜி விசையில் 20 நிமிடம் சுழற்றிச் செல் சிதிலங்களை நீக்குங்கள். பிசுபிசுப்பால் படிவு இறுக்கமாக உட்காராது. அதனால் அடியில் கால் மி.லி.யை விட்டுவிடுவதே பத்திரம். 200 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து -80 டிகிரியில் வையுங்கள். ஒரு பங்கை ஒரு முறைதான் உருக்க வேண்டும். ஊசியால் எடுத்த நேரம், சுழற்றிய நேரம், உறையவைத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள்.

பிசுபிசுப்பை உடைப்பது

உருகிய திரவத்தில் பிப்பெட் முனையைத் தொட்டுத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு போல நூல் இழுபடும். சாதாரணக் காற்றுப் பிப்பெட் இதை அளந்து எடுக்காது: முனைக்குள் காற்று புகும், சுவரில் திரவம் ஒட்டும், 20 மைக்ரோலிட்டர் என்று நினைப்பது குறைவாகவே இருக்கும். பிஸ்டன் நேராகத் திரவத்தைத் தொடும் பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட் பிப்பெட்டைப் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால் தராசில் எடை போட்டு எடுங்கள்.

பிறகு ஹயலுரோனிக் அமிலத்தை அறுக்கும் ஹயலுரோனிடேஸ் நொதியைச் சேர்த்து 37 டிகிரியில் வையுங்கள். நொதியின் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு பிறரிடமிருந்து எடுக்காதீர்கள். பல மாதிரிகளைக் கலந்த ஒரு பொதுக் கலவையில் மூன்று செறிவுகளை 30, 60 நிமிடங்களுக்குச் சோதியுங்கள். நூல் அறுந்து துளி தண்ணீர்போல் விழும் மிகக் குறைந்த அளவே போதும். மாட்டு விரையிலிருந்து எடுக்கும் நொதியோடு மாட்டுப் புரதங்களும் வரும் என்பதால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நொதியே மேல். எதுவானாலும் அதன் புரத வரிசையைக் கலப்படப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீராக இருக்கும் மாதிரிக்கு நொதி வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்: நோய் முற்றியவர்களின் திரவம்தான் பெரும்பாலும் நீர்த்திருக்கும், அவர்களை மட்டும் வேறுவிதமாக நடத்தியதாகிவிடும்.

துண்டாக்கி அளப்பது

நிறமாற்றத்தால் புரதத்தை அளக்கும் பிசிஏ முறையில் புரத அளவைப் பார்த்து ஒவ்வொரு மாதிரியிலும் 50 மைக்ரோகிராம் எடுங்கள். புரதச் சுருளை அவிழ்க்க 8 மோலார் யூரியா, 50 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட், பி.எச். 8. கந்தகப் பிணைப்புகளை அறுக்க டிடிடி 10 மில்லிமோலார், 37 டிகிரியில் 45 நிமிடம். யூரியா இருக்கும்போது அதற்கு மேல் சூடாக்கினால் புரதம் கார்பமைலேற்றம் ஆகி (யூரியாவிலிருந்து பிறக்கும் துணுக்கு ஒட்டி), பெப்டைடுகளின், அதாவது புரதத் துண்டுகளின், எடை மாறிவிடும். அவை மறுபடி பிணையாமலிருக்க அயோடோஅசிட்டமைடு 20 மில்லிமோலார், இருட்டில் 30 நிமிடம். யூரியா 1 மோலாருக்குக் கீழே வரும்வரை நீர்க்கச் செய்து, 50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு ட்ரிப்சின், 37 டிகிரியில் 16 மணி நேரம். ஃபார்மிக் அமிலத்தால் பி.எச்.ஐ 3க்குக் கீழே இறக்கி நிறுத்தி, சி18 பத்தியில் (பெப்டைடுகளைப் பிடித்துக்கொள்ளும் நிரப்புக் குழாய்) உப்பு நீக்குங்கள்.

ஆல்புமினை முன்கூட்டியே நீக்கலாமா? முதல் சுற்றில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புரதங்களும் கூடவே போய்விடும், மாதிரிக்கு மாதிரி இழப்பும் மாறும். 75 மைக்ரோமீட்டர் பத்தியில், நிமிடத்துக்கு 300 நானோலிட்டர் வேகத்தில், 90 நிமிட ஓட்டம் வைத்து, எல்லாப் பெப்டைடுகளையும் பொறுக்காமல் உடைத்து அளக்கும் டிஐஏ முறையில் அளந்தால் போதிய ஆழம் கிடைக்கும். தவறான கண்டுபிடிப்பு விகிதத்தை 1 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

துண்டுகளைப் பொறுத்தவரை ஒரு பொறி உண்டு. குருத்தெலும்பின் முக்கியப் புரதமான அக்ரிகனை ஏடிஏஎம்டிஎஸ் நொதிகள் 373, 374ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே வெட்டும்போது அலனின்-ஆர்ஜினின்-கிளைசின்-செரின் என்று தொடங்கும் புதிய முனை பிறக்கிறது. குருத்தெலும்பு அழிவதற்கு நேரடிச் சாட்சி அது. ஆனால் ஆர்ஜினினுக்குப் பின்னால் வெட்டுவதே ட்ரிப்சினின் குணம். நாம் தேடும் முனையையே அது அறுத்துவிடக்கூடும். அதை அந்த முனையை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளால் எலைசா என்ற சோதனையில் அளப்பதே நம்பகம்.

எண்களைப் படிப்பது

நோயாளிகளை ஒரு நாளும் ஒப்பீட்டுக் குழுவை மறுநாளும் ஓட்டாதீர்கள், கலைத்துப் போடுங்கள். பத்து மாதிரிக்கு ஒரு முறை பொதுக் கலவையை ஓட்டி, அதில் 20 சதவீதத்துக்கு மேல் ஆடும் புரதங்களை ஒதுக்குங்கள். வயது, பால், உடல் பருமன் குறியீடு, எக்ஸ்ரேயில் தேய்மானத்தின் கடுமையைக் காட்டும் கெல்கிரன்-லாரன்ஸ் தரம், திரவத்தின் கொள்ளளவு ஆகியவை பகுப்பாய்வில் இருக்க வேண்டும்.

அன்றே எடுத்த சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) பக்கத்தில் இருந்தால் பெரிய உதவி. சீரத்தைவிடத் திரவத்தில் அதிகமாக இருப்பவை மூட்டிலேயே உற்பத்தியானவை. குருத்தெலும்புப் புரதமான காம்ப், மூட்டை வழுவழுப்பாக்கும் லூப்ரிசின், எம்எம்பி-3 நொதி இந்த வகை. ஆல்ஃபா-2-மேக்ரோகுளோபுலின் போன்ற பெரிய பிளாஸ்மா புரதங்கள் ஏறியிருந்தால் மூட்டுச் சவ்வு அழற்சியால் கசிகிறது என்று பொருள். திரவமே கிடைக்காத மூட்டில் உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்திருந்தால், எவ்வளவு நீர்த்தது என்பதை உடம்பிலேயே இருக்கும் யூரியா சொல்லும். அது சவ்வைத் தாராளமாகக் கடப்பதால் சீரத்திலும் மூட்டிலும் ஏறத்தாழ ஒரே செறிவில் இருக்கும்.

செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் மொத்த அளவை ஒரு மதிப்பெண்ணாக்கி, அதைக் கணக்கில் கழித்தும் கழிக்காமலும் இரண்டு முடிவுகளையும் காட்டுங்கள். செல் சாவு நோயின் பகுதியாகவும் இருக்கலாம், கையாண்ட குறையாகவும் இருக்கலாம்.

தேர்ந்த புரதங்களை எலைசாவில் உறுதிசெய்யும்போது கிட்டின் பெட்டியில் சீரம் என்றுதான் போட்டிருக்கும். மூட்டுத் திரவத்தை 2, 4, 8, 16 மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள், நீர்த்த மடங்கால் திருப்பிப் பெருக்கினால் ஒரே எண் வர வேண்டும். தெரிந்த அளவு புரதத்தைச் சேர்த்தால் 80 முதல் 120 சதவீதம் வரை திரும்பக் கிடைக்க வேண்டும். வராவிட்டால் முதலில் ஹயலுரோனிடேஸ் படியைச் சரிபாருங்கள்.