மிக்சர் டப்பா காலியாவதற்குக் காரணம் காலைப் பட்டினி

காலையில் வெறும் காபி, மதியம் ரெண்டே சப்பாத்தி, ஏழு மணிக்கு சமையல்கட்டில் நின்றபடியே முக்கால் டப்பா மிக்சர். அப்புறம் ஒரு குற்ற உணர்ச்சி, "நாளையிலிருந்து ஸ்ட்ரிக்ட்" என்று ஒரு சபதம், மறுநாள் காலை மறுபடியும் வெறும் காபி. இதை மனக்கட்டுப்பாட்டுப் பிரச்சினை என்று நினைப்பதால்தான் தீருவதில்லை. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாக்கிப் பார்த்தார். பொழுதன்றைக்கும் சாப்பாட்டு நினைப்பாகவே ஆனார்கள். சிலர் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினார்கள். சோதனை முடிந்து வயிறாரச் சாப்பிட்டபோதும் சிலருக்குப் பசி அடங்கவில்லை.

அதனால் முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்காதீர்கள். நேரத்தை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். மூன்று வேளை, நடுவே சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. காலையில் மூன்று இட்லி சாம்பாரோடு ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ இருந்தால் மதியம் வரை தாங்கும். நான்கு மணிக்கு ஒரு கிண்ணம் வேகவைத்த வேர்க்கடலை. இதைத் தவறவிட்டால் ஏழு மணிக்கு மிக்சர்தான் ஜெயிக்கும்.

அடுத்து, "தொடவே கூடாது" என்று ஒதுக்கியவற்றில் ஒன்றே ஒன்றை எடுங்கள். மைசூர்பாகு என்று வைத்துக்கொள்வோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு துண்டைத் தட்டில் வைத்து, டப்பாவை மூடி, போனைத் தள்ளி வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். முதல் கடியில் நெய் வாசனை மூக்கில் ஏறும், பொறபொறவென்று நாக்கில் உதிரும். இரண்டாவது துண்டின் பாதியிலேயே அந்த ருசி மங்குவது தெரியும். இன்னும் வேண்டுமென்றால் எடுக்கலாம். வாரம் மூன்று நாள் இப்படி.

ஆரம்பத்தில் கூடுதலாகவே உள்ளே போகும். பலர் இங்கேதான் பயந்து கைவிடுகிறார்கள். நாளைக்கும் கிடைக்கும் என்று மனசு நம்பச் சில வாரம் பிடிக்கும். தீபாவளி வாரத்தில் மட்டும் தொடங்க வேண்டாம். பத்து வகைப் பலகாரம் முன்னால் இருக்கும்போது எந்த ருசி எப்போது மங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது.

வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட சுமார் 20 நிமிடம் ஆகும். ரசத்துக்கும் மோருக்கும் நடுவே கொஞ்சம் கை நிறுத்துங்கள்.

என்றைக்காவது அதிகமாகிவிட்டால் அடுத்த வேளையை நிறுத்தாதீர்கள், வழக்கமான நேரத்துக்கு வழக்கமான அளவு சாப்பிடுங்கள். ஈடுகட்டப் பட்டினி கிடந்தால் பழைய சுழற்சி அங்கேயே மறுபடி ஆரம்பித்துவிடும்.

"குண்டாயிட்டியே" என்றபடியே இன்னொரு லட்டு வைக்கும் உறவினர் எல்லா வீட்டிலும் உண்டு. "வயிறு நிறைஞ்சிடுச்சு அத்தை, ரெண்டு கட்டிக் குடுங்க, வீட்ல சாப்பிடுறேன்" என்றால் அவர் மனசும் நோகாது. குழந்தைகளிடம் "பொரியலை முடிச்சாத்தான் ஐஸ்கிரீம்" பேரம் வேண்டாம், பொரியல் தண்டனையாகிவிடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு அளவு முக்கியம்: இனிப்பு சாப்பிடும் வேளையில் சோறு குறைய வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டும். சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, பேதி மாத்திரை போடுவது, வாராவாரம் நிறுத்த முடியாமல் தின்பது என்று இருந்தால் இந்த வழிமுறை மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம்.