கொல்லிமலைக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள்

பினாங்கிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிற நம் குடும்பங்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். திருச்சியில் இறங்கி ஸ்ரீரங்கம், சமயபுரம், தஞ்சாவூர். நடுவில் இரண்டு நாள் சொந்த ஊர். கடைசியில் துணிக்கடை. பத்து நாளும் வேனுக்குள்ளேயே போய்விடும். பாட்டன் பிறந்த ஊரில் நின்று நிமிர்ந்தாலே தெரிகிற கொல்லிமலையில் கால் வைக்காமலே திரும்பிவிடுகிறோம். நாமக்கல், ராசிபுரம், துறையூர், முசிறிப் பக்கம் வேர் உள்ளவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே நாளில் போய் வந்துவிடலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். முதல் தடவை நாங்களும் அப்படித்தான் போனோம். பத்து மணிக்கு மேல் திருச்சியிலிருந்து கிளம்பி, வழியில் சாப்பிட்டு, மலை ஏறி, மேலே இருக்கும் அறப்பளீசுவரர் சிவன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்றரை. பக்கத்திலுள்ள ஆகாய கங்கை அருவிக்கு இறங்க நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். இருட்டில், பனிமூட்டத்தில் மலையை விட்டு இறங்கினோம். அம்மா வழியெல்லாம் வாந்தி. அவ்வளவு தூரம் போய் அருவியின் சத்தத்தைக்கூடக் கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு மூன்று வருடம் இருந்தது. இரண்டாம் முறை இரண்டு இரவு தங்கினோம். அப்போதுதான் மலை எங்களுக்குக் கிடைத்தது.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்து நாமக்கல் சாலை வழியாகச் சுமார் 85 கிலோமீட்டர். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகப் போனால் காரவள்ளி அடிவாரம். அங்கே தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள், பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது தலை சுற்றுகிறவர்கள் இதற்குத் தயாராகப் போக வேண்டும். ஏறுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே வாந்தி மாத்திரை, காலையில் இட்லி மாதிரி லேசான சாப்பாடு, முன் சீட்டு. மசால் தோசை வேண்டாம். நம் ஊர் மாதிரி அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்று யாரும் காரை வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்ட வேண்டாம். இந்த மலையில் பழகிய டிரைவரைக் கேட்டு வாங்குங்கள், காலை வெளிச்சத்தில் ஏறுங்கள். நாமக்கல், சேலத்திலிருந்து பேருந்தும் போகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதுவும் நல்ல அனுபவம்தான்.

சரி, மலை மேல் வந்தாகிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். நம் பினாங்குக் கொடிமலை 833 மீட்டர்தான். ஆனால் கொடிமலை உச்சி போல இது குறுகலான இடம் இல்லை. வயல், தோப்பு, ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் மேலேயே பரந்து கிடக்கின்றன. ஊர்ப் பெயர்கள் பல ‘நாடு’ என்று முடியும்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு. செம்மேடுதான் மைய ஊர். அங்கே குதிரை மேல் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. கடையேழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையை ஆண்டவன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தது என்கிறது சங்கப் பாட்டு. பள்ளியில் தமிழ் படித்த பிள்ளைகளை அந்தச் சிலைக்கு முன்னால் நிறுத்திக் கதையைச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் வந்த பெயருக்கு ஓர் ஊர் இருக்கிறது என்பதை அவர்கள் முகத்தில் பார்க்கலாம்.

இனி ஆகாய கங்கை. கொல்லிமலைக்குப் போவதே இதற்காகத்தான் என்பேன். ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. பத்துமலையில் 272 படி, நம் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஐந்நூற்றுச் சொச்சம். தைப்பூசத்தில் தண்ணீர்மலை ஏறிப் பழகிய நமக்கு இது என்ன பெரிது என்று தோன்றும். ஒரு வித்தியாசம் இருக்கிறது. தண்ணீர்மலையில் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம். இங்கே முதலில் இறக்கம். சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கிவிடலாம், குளித்துக் களைத்த பிறகுதான் ஏற வேண்டியிருக்கும். சில இடங்களில் படிகள் செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி, இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகாதீர்கள். நடுவில் முடியாமல் போனால் தூக்கி வருவது எளிதில்லை.

காலை எட்டு, ஒன்பது மணிக்கே இறங்கத் தொடங்குங்கள். பிடிமானம் உள்ள செருப்பு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், மாற்றுத் துணி, வேறொன்றும் வேண்டாம். பையில் பழமும் பிஸ்கட்டும் வெளியே தெரிந்தால் குரங்குகள் விடாது. கீழே போனதும் காற்றோடு சாரல் முகத்தில் அடிக்கும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. நான் அங்கே ஒரு மணி நேரம் சும்மா நின்றேன். திரும்பி ஏற ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். படி ஓரத்தில் சூப் விற்ற ஓர் அம்மா என்னைப் பார்த்து, “பேசாம ஏறுங்க தம்பி, மூச்சு மிச்சமாகும்” என்றார். அதைவிட நல்ல யோசனையை யாரும் தரவில்லை.

அவர் விற்றது முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு அது, ரோமத்தோடு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மிளகு, சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. எனக்குத் தெரிந்தது, ஆயிரம் படி ஏறிய உடம்புக்கு அது தேவாமிர்தம்.

படி இறங்க முடியாத பெரியவர்கள் கோயிலிலேயே இருக்கலாம். முன்னால் ஓடும் ஓடையில் மீன்களுக்குப் பொரி போடுவார்கள். அறுத்துச் சமைக்கப்போன மீனை ஈசன் ஒட்டி உயிர்ப்பித்தார் என்பது தலத்தின் கதை, அதனால் அந்த மீன்களை யாரும் பிடிப்பதில்லை. குளிக்க ஆசைப்படும் பெரியவர்களை மாசிலா அருவிக்குக் கூட்டிப் போங்கள், அங்கே நடை குறைவு. சாயங்காலம் சீக்குப்பாறை காட்சிமுனையில் நின்றால் கீழே சமவெளி முழுவதும் தெரியும். வாசலூர்ப்பட்டியில் படகுத் துறை இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருந்தால் போகலாம்.

எனக்குப் பிடித்த நடை எந்த வரைபடத்திலும் இல்லை. விடிகாலையில் விடுதியிலிருந்து கிளம்பி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கும் காப்பிச் செடிகளுக்கும் நடுவில் ஊர்ச் சாலையிலேயே ஒரு மணி நேரம் நடப்பது. இங்குள்ள பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்கிறார்கள். பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுக்குள் கதை உண்டு. தோட்டம் அவர்களுடையது, கேட்டுவிட்டு நுழையுங்கள். வீட்டையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னால் திண்ணையில் உட்காரச் சொல்லாதவர்களை நான் பார்க்கவில்லை.

சோளக்காட்டுச் சந்தையில் மிளகு, தேன், பலா, மலைவாழை, அன்னாசி, சாமை, தினை எல்லாம் கிடைக்கும். பழத்தை அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். பச்சைப் பழம், கிழங்கு, செடி, விதை எதுவும் அனுமதி இல்லாமல் மலேசியாவுக்குள் வராது, விமான நிலையத்தில் பறிபோகும்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அடைமழை நாட்களில் அருவிக்கு விடமாட்டார்கள், ஏப்ரல் மே மாதங்களில் தண்ணீர் குறைந்துவிடும். ஆடிப்பெருக்கை ஒட்டி ஆகஸ்டு தொடக்கத்தில் ஓரி விழா நடக்கும். பார்க்க வேண்டியதுதான், ஆனால் அமைதி தேடிப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். இரவில் குளிரும், ஸ்வெட்டர் எடுங்கள்.

மலையேறும் முன் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். மின்விசாவை இந்திய அரசின் தளத்திலேயே எடுங்கள், அதே தோற்றத்தில் அதிகப் பணம் வாங்கும் தனியார் தளங்கள் பல. விடுதிக்கு முன்பே போன் செய்து, மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களைத் தங்க வைப்பீர்களா என்று கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர்கள் அந்த விவரத்தை அரசிடம் பதிய வேண்டும், சில சிறிய விடுதிகள் அதற்காகவே இடம் தர மாட்டார்கள். ரொக்கத்தை நாமக்கல்லிலேயே எடுங்கள். அங்கே எல்லாரும் போனில் பணம் கட்டுகிறார்கள், அந்த வசதி நம் மலேசிய வங்கிக் கணக்குக்கு எளிதில் கிடைக்காது.

மலையே ஏற முடியாதவர்கள் குடும்பத்தில் இருந்தால், துறையூர் வழியாக அடிவாரத்துப் புளியஞ்சோலைக்குக் கூட்டிப் போங்கள். எண்பது வயதான என் அத்தையை அங்கேதான் கூட்டிப் போனோம். மேலே நாங்கள் நனைந்த அதே ஐயாற்றுத் தண்ணீர், பாறைகளுக்கு நடுவில் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காலை உள்ளே விட்டவர், மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.