பெரிய அட்டவணைகளுக்கு இண்டெக்ஸ் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரவுத்தளத்தில் ஒரு வினவல் (தரவைக் கேட்டுப் பெறும் கட்டளை) மெதுவாக ஓடுகிறது என்றதும், நிபந்தனையில் வரும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனி இண்டெக்ஸ் போட்டுவிடுவதுதான் பரவலாகக் காணப்படும் தவறு. வழக்கமான பி-ட்ரீ இண்டெக்ஸ், மதிப்புகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் ஒரு தனி நகல். அந்த வரிசை வினவலுக்குப் பொருந்தினால்தான் அதனால் பயனுண்டு.

கோடிக்கணக்கான பதிவுகள் கொண்ட ஆர்டர் அட்டவணையில், ஒரு வாடிக்கையாளரின் கடந்த 30 நாள் ஆர்டர்களை மட்டும் எடுக்க வேண்டும் என்று கொள்வோம். கூட்டு இண்டெக்ஸில் தேதியை முதலிலும் வாடிக்கையாளர் எண்ணை அடுத்தும் வைத்தால், அந்த 30 நாளில் எல்லோரும் இட்ட ஆர்டர்களின் உள்ளீடுகளையும் கடந்துதான் நமக்கு வேண்டிய சிலவற்றை அடைய முடியும். வாடிக்கையாளர் எண்ணை முன்னால் கொண்டுவந்தால் அவை அடுத்தடுத்தே கிடைக்கும். சமக்குறியால் ஒப்பிடப்படும் நெடுவரிசை முதலில், வீச்சாக (இதிலிருந்து இதுவரை என) தேடப்படுவது பின்னர் என்பதே முறை. தேதியை மட்டும் கேட்கும் வினவலுக்கு இந்த இண்டெக்ஸ் பெரும்பாலும் உதவாது என்பதையும் மறக்கக் கூடாது.

நிபந்தனையில் நெடுவரிசையின் மீது சார்பை (ஃபங்ஷன்) போடுவது அடுத்த தவறு. தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுத்து 2024 உடன் ஒப்பிட்டால், தேதி இண்டெக்ஸ் இருந்தும் அதைக் கொண்டு நேரடியாகத் தேட இயலாது. 2024 ஜனவரி 1 முதல் 2025 ஜனவரி 1-க்கு முன்பு வரை என்று வீச்சாக எழுதினால் இயலும். இதனினும் கண்ணில் படாதது வகை மாற்றம்: மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் எழுத்துச்சரமாகச் சேமித்த தொலைபேசி எண்ணை மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாகவே ஒப்பிட்டால், இண்டெக்ஸ் கைவிடப்பட்டு முழு அட்டவணையும் படிக்கப்படும். பிழைச்செய்தி வராது, விடையும் பெரும்பாலும் சரியாகவே வரும்; அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு பாடு.

சில நூறு பதிவுகளே உள்ள சோதனை அட்டவணையில், வினவல் எப்படி இயக்கப்படும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையை ஓட்டி முடிவெடுப்பதும் வீண், ஏனெனில் அங்கே முழுவதையும் படிப்பதே மலிவு என்று, வினவலை இயக்கும் வழியைத் தேர்வு செய்யும் திட்டமிடுவான் சரியாகவே கணிக்கும்.

போஸ்ட்கிரஸ் தரவுத்தளம், வேறொரு (தாய்) அட்டவணையின் பதிவைச் சுட்டும் அயல்விசை நெடுவரிசைக்குத் தானாக இண்டெக்ஸ் அமைப்பதில்லை. அதை விட்டுவிட்டால், தாய் அட்டவணையில் ஒரு பதிவை நீக்கும்போதுகூடச் சேய் அட்டவணை முழுக்கத் துழாவப்படும். இயங்கும் அட்டவணையில் சாதாரண முறையில் இண்டெக்ஸ் உருவாக்கினால் அது முடியும்வரை அட்டவணையில் எழுதுவது தடைபடும் என்பதால், அங்கு எழுதுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸ் அமைக்கும் கன்கரன்ட்லி (CONCURRENTLY) முறையே ஏற்றது. அது பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். எந்த வினவலுக்கும் உதவாத அது ஒவ்வொரு புதிய பதிவின்போதும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கக்கூடும் என்பதால், அதை நீக்கிவிட்டே மறுமுறை முயல வேண்டும்.