கொடுவா கிடைத்தது வேறு, பிடித்தது வேறு

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் விளைமீனுக்கென்று இறால் துண்டு கோத்துப் போட்ட தூண்டிலில் எனக்கு ஒருமுறை 8 கிலோக் கொடுவா ஏறியது. சின்னத் தூண்டில் முள், 10 றாத்தல் தாங்கும் தங்கூசி (நைலோன் நூல்). அறுந்திருக்க வேண்டியது. மீன் தூண் பக்கம் திரும்பாமல் வெளிக்கு ஓடியதால் தப்பியது. அடுத்த 5 மாதமும் அதே இடத்தில், அதே முள்ளில், அதே இறால் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். ஒரு கொடுவாகூட எட்டிப் பார்க்கவில்லை.

பெரிய மீன் தேடுபவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் மூத்தது: தவறி வந்த மீனைத் தன் வித்தைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது. மாலைதோறும் பாலத்தில் அத்தனை பேர் தூண்டில் போட்டால் என்றோ ஒருநாள் யாருக்கோ ஒரு பெரியது மாட்டத்தான் செய்யும். மாட்டியவர் சொல்லும் இரையை மறுநாள் எல்லாரும் வாங்குவார்கள். அவர் அதற்கு முன் எத்தனை இரவு வெறுங்கையோடு போனார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நானும் இரையைத்தான் நினைவில் வைத்திருந்தேன், நீரை மறந்துவிட்டேன். அன்று பறுவம், அதாவது பௌர்ணமி, கழிந்து இரண்டாம் நாள். வற்று நீர் பாலத்தின் கண்களுக்குள்ளால் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை என்பதால் பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஆழமில்லாத பரந்த களப்பின் நீர் ஒடுங்கிய வாய்களுக்குள்ளால் போகும்போது வேகம் பிடிக்கிறது. கொடுவா துரத்தித் தின்னும் மீன் இல்லை, பதுங்கித் தின்னும் மீன். ஓட்டம் அடித்துக்கொண்டு வரும் இறாலுக்கும் குஞ்சு மீனுக்கும் தூணின் மறைவிலோ, விளக்கொளி முடிந்து நிழல் தொடங்கும் கோட்டிலோ காத்திருக்கும். டோர்ச் அடித்தால் அதன் கண் தணல்போல் மின்னும். அடித்துப் பார்க்க ஆசை வரும், ஆனால் அடிக்காதீர்கள், மீன் கலைந்துவிடும்.

இரைக்கு வருவோம். இறால் துண்டைக் கண்ட மாத்திரத்தில் சின்ன மீன்கள் மொய்த்துப் பிய்த்துவிடும். பெரியதுதான் வேண்டுமென்றால் ஒரு சாண் நீள மணலை மீனை உயிரோடு முதுகில் கோத்து விட வேண்டும். அதைப் பிடிக்கவே பாதி மாலை போய்விடும். பலர் இங்கேதான் சோம்புகிறார்கள்.

முள்ளும் தங்கூசியும் வரப்போகும் மீனுக்கேற்றதாக இருக்க வேண்டும், வழக்கமாக வரும் மீனுக்கேற்றதாக அல்ல. கொடுவாவின் வாய் அரம்போலச் சொரசொரப்பு. செவுள் மூடியின் விளிம்போ கத்தி. முள்ளுக்கு மேலே ஒரு மீற்றருக்காவது 40 றாத்தலுக்குக் குறையாத தடித்த தங்கூசி வேண்டும். கூர்ப்பல் சீலா மீனைத் தேடுபவருக்குக் கம்பி. இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று கம்பியையே கட்டினால், கொடுவா கிட்ட வந்தும் விலகிப் போகலாம்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது. அண்மையில் பக்கத்தில் நின்ற இளைஞர் உயிர் மணலையோடு வந்திருந்தார். ஒரு மணித்தியாலம் ஒன்றும் தொடவில்லை. மெல்ல அதைக் கழற்றிச் சின்ன முள்ளைக் கட்டத் தொடங்கினார்.

“என்ன தம்பி, கொடுவாவுக்கென்று வந்தீர்கள்?”

“வெறுங்கையோடு போனால் அம்மா ஏசுவார், அண்ணை. கூழுக்காவது நாலு மீன் வேண்டும்.”

அவரில் பிழை சொல்ல மனம் வரவில்லை. கூழுக்கு மீன் பிடிப்பது நல்ல காரியம். ஆனால் அது வேறு இரவுக்குரிய வேலை. நீர் வற்றத் தொடங்கி ஓட்டம் பிடிக்கும் அந்த நேரத்தில்தான் அவருடைய மணலை கரையில் கிடந்தது.

மீன் இரையைக் கவ்வியதுமே தூண்டிலை வெட்டி இழுப்பதும் பலருடைய கைப்பழக்கம். கொடுவா ‘டப்’ என்ற ஓசையோடு இரையை உறிஞ்சி எடுக்கும். ஒரு மூச்சு விட்டு, பாரம் தெரிந்த பிறகு இழுங்கள். வளைந்த வட்ட முள் போட்டிருந்தால் வெட்டவே வேண்டாம், றீலைச் சுற்றினால் போதும்.

பிடித்த பிறகு என்ன செய்வதென்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கொடுவா ஆணாகத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரியவை அநேகமாகப் பெண்கள், முட்டைக்காரிகள். நான் இப்போது அளந்துவிட்டு விட்டுவிடுகிறேன். விடுவதானால் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தூக்க வேண்டாம். வயிற்றுக்கடியில் ஒரு கை கொடுத்து, நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். செவுள் மூடிக்குக் கிட்ட விரலைக் கொண்டுபோகவே கூடாது. என் வலது பெருவிரலில் இருக்கும் தழும்பு அந்த 8 கிலோ போட்டது.