சப்பாத்திக் கட்டை கடையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசல் பழகுபவர்கள் எளிதென்று நினைத்துச் சப்பாத்திக் கட்டையை எடுக்கிறார்கள். ஆனால் லேத்தில் (மரத்தைச் சுழற்றும் கடைசல் இயந்திரம்) மிகவும் சிரமமானது நேர்கோடுதான். கைப்பிடியின் வளைவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. உருட்டும் பகுதியில் அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்தாலே மாவு அங்கே தடித்து நிற்கும்.

பாதித் தவறு உளியைத் தொடும் முன்பே நடந்துவிடுகிறது. ஈரம் காயாத மரம் வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதனால் இன்று வட்டமாகக் கடைந்த கட்டை காயக் காய முட்டை வடிவமாகிவிடும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே வந்த மரத்தையே எடுங்கள். ஆண்டு வளையங்களின் நடுப்புள்ளி துண்டுக்குள் இருந்தால் வெடிப்பு விடும், அதை ஒதுக்குங்கள். பீச், மேப்பிள் போல நெருக்கமான மரம் நல்லது. துளை பெரிதாக உள்ள மரத்தில் மாவு போய் அடையும்.

45 மி.மீ. குறுக்களவுக் கட்டைக்கு 55 மி.மீ. சதுரத் துண்டு போதும். நீளத்தில் இரு முனைக்குமாக 50 மி.மீ. கூடுதலாக விடுங்கள். மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் குறித்த பிறகு, ஸ்பர் சென்டரை (மரத்தைக் கவ்விச் சுழற்றும் பல்முனை) லேத்திலிருந்து தனியே எடுத்து மரச்சுத்தியலால் துண்டில் அடித்துப் பதிக்க வேண்டும். லேத்தில் மாட்டிய நிலையில் அடித்தால் அதன் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் கெடும். மரத்தின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை அளவுக்கு மீறி இறுக்குவதும் தவறு. அந்த அழுத்தத்தில் நீளத்துண்டு நடுவில் வளைந்து அதிர ஆரம்பிக்கும்.

உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கும் மரத்துக்கும் இடைவெளி 3 முதல் 6 மி.மீ. போதும். சுவிட்சைப் போடுமுன் துண்டைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள், மூலை இடிக்கிறதா என்று தெரியும். சதுரமாக இருக்கும்வரை நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு மேல் வேண்டாம். உருண்டையான பின் 1,500 வரை ஏற்றலாம். முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் கட்டாயம். கையுறை மட்டும் கூடவே கூடாது, சுழலும் மரம் அதைப் பிடித்தால் கையோடு இழுத்துவிடும்.

இனி நேர்கோட்டுக்கு வருவோம். கண்ணளவை நம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உளியை ஓட்டுவதால்தான் கட்டை பீப்பாய் போலவோ நடுவில் ஒடுங்கியோ வருகிறது. குறுக்களவு பார்க்கும் காலிப்பரை 46 மி.மீ.க்கு வைத்து (1 மி.மீ. கடைசிச் சீவலுக்கு), 50 மி.மீ.க்கு ஒரு இடமாகப் பார்ட்டிங் உளியால் (ஒடுக்கமான பள்ளம் வெட்டும் உளி) குறுகிய பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள். அளக்கும்போது லேத் நின்றிருக்கட்டும். பிறகு பள்ளங்களுக்கு இடையே உள்ள மேட்டை மட்டும் எடுத்தால், பள்ளத்தின் அடி மறையும் இடத்தில் கை தானாக நிற்கும். கடைசியில் இரும்பு அளவுகோலின் விளிம்பைக் கட்டைமேல் வைத்து, பின்னால் விளக்கைப் பிடியுங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். அதைத் தொடாமல் இருபுறமும் உள்ள மேட்டைச் சீவுங்கள். ஸ்கியூ உளியை (சாய்ந்த விளிம்புள்ள உளி) வைத்துச் சீவும்போது விளிம்பின் கீழ்ப்பாதி மட்டுமே வெட்ட வேண்டும். மேல்முனை மரத்தைத் தொட்ட நொடியில் உளி துள்ளிச் சுருள் பள்ளம் விழும்.

உப்புத்தாளை ஒரே இடத்தில் அழுத்தினாலும் பள்ளம்தான். டூல் ரெஸ்டைக் கழற்றிவிட்டு, வேகத்தைக் குறைத்து, 120, 180, 240 என்ற தாள் எண் வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) கையை நகர்த்திக்கொண்டே தேயுங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் லேத்தை நிறுத்தி நீளவாக்கில் ஒருமுறை தேய்த்தால் வளையக் கீறல்கள் போகும். அதன்பின் ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரை நன்றாகக் காய்ந்ததும் 320 எண் தாளால் நீவுங்கள். இதை விட்டால் முதல் கழுவலிலேயே கட்டை சொரசொரப்பாகிவிடும். முனைகளை லேத்திலேயே முழுதாக அறுக்காமல் 10 மி.மீ. விட்டு, நிறுத்திவிட்டு ரம்பத்தால் அறுங்கள்.

வார்னிஷ் வேண்டாம், நாளடைவில் உரிந்து மாவில் சேரும். சூரியகாந்தி எண்ணெய் காயாமல் சிக்கு வாடை அடிக்கும். உணவுத் தர மினரல் ஆயில் ஏற்றது. ஆளிவிதை எண்ணெய் பூசுவதானால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.