ப்ரீஃபெச்சர் ஐடியா வந்துடுச்சா? கோட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணுங்க

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர்ல பிஎச்டி சேர்ந்த முதல் வருஷமே நிறைய பேருக்கு ஒரு ஐடியா வந்துடும், பெரும்பாலும் ப்ரீஃபெச்சர் (ப்ராசஸர் கேக்குறதுக்கு முன்னாடியே டேட்டாவ கேஷ்ங்கற சின்ன வேக மெமரிக்குக் கொண்டுவர்றது), இல்லன்னா கேஷ் ரீப்ளேஸ்மென்ட் (கேஷ் நிரம்பினா எதைத் தூக்குறதுன்னு முடிவு பண்றது), உடனே சாம்ப்சிம்ங்கற சிமுலேட்டர இறக்கி கோட் அடிக்க உக்காந்துடுவாங்க. தயவுசெஞ்சு ஒரு வாரம் பொறுங்க. சிமுலேட்டர்ல ஏதோ ஒரு நம்பர் எப்பவும் வரும், அந்த நம்பர் உண்மைதானான்னு கண்டுபிடிக்கத்தான் நம்ம காலம் பாதி போகுது.

முதல்ல உச்சவரம்பு எவ்ளோன்னு பாருங்க. உங்க ஐடியா எல்2 மிஸ்ஸ, அதாவது ரெண்டாவது மட்ட கேஷ்ல தேடினது கிடைக்காம போறத, குறைக்கும்னு வைங்க, சிமுலேட்டர்ல சின்னதா ஒரு மாத்தம் பண்ணி எல்2க்கு வர்ற எல்லா ரிக்வெஸ்ட்டும் ஹிட்டுன்னு ஆக்கி ஓட்டுங்க. அப்போ ஐபிசி (ஒரு க்ளாக் சைக்கிளுக்கு ஓடுற இன்ஸ்ட்ரக்ஷன் எண்ணிக்கை) எவ்ளோ ஏறுதோ அதுதான் எல்லை, எல்2க்கு கொண்டுவர்ற எந்த ப்ரீஃபெச்சரும் அதைத் தாண்டாது. அது வெறும் 3 சதவீதம்னா அந்த ட்ரேஸ்ல (சிமுலேட்டருக்குக் குடுக்குற, ப்ரோகிராம் ஓடினதோட பதிவு) உங்களுக்கு வேலையே இல்ல. ஸ்பெக் சிபியு 2017ங்கற பெஞ்ச்மார்க் தொகுப்புல எக்ஸ்சேஞ்ச்2 அப்படித்தான், சுடோகு புதிர் போடுற ப்ரோகிராம், கேஷ் மிஸ்ஸே பெருசா இருக்காது. எம்சிஎஃப், எல்பிஎம், ஆம்நெட்பிபி மாதிரி மெமரிய போட்டு வாட்டுறதுலதான் இடம் இருக்கு. ரீப்ளேஸ்மென்ட் பக்கம் போறீங்கன்னா பெலாடிங்கற ஆராய்ச்சியாளர் 1966லயே எல்லையப் போட்டுக் குடுத்துட்டாரு, எந்த ப்ளாக் மறுபடி தேவைப்பட ரொம்ப நேரம் ஆகுமோ அதைத் தூக்கு, அவ்ளோதான். நிஜ சிப்புக்கு எதிர்காலம் தெரியாது, ஆனா ட்ரேஸ் உங்க கையில இருக்கே, போட்டுப் பாக்கலாம். அதே கணக்க ஏற்கெனவே நடந்த ஆக்சஸ் மேல ஓட்டி அதுலேர்ந்து கத்துக்க வச்சதுதான் 2016 இஸ்கா மாநாட்டுல வந்த ஹாக்ஐங்கற ரீப்ளேஸ்மென்ட் முறை, அதனால எல்லை பாக்குறத வெட்டி வேலைன்னு நினைக்காதீங்க, ஐடியாவே அதுலேர்ந்து வரலாம்.

அடுத்து நேரக் கணக்கு. ஜெம்5ங்கற சிமுலேட்டர்ல அவுட் ஆஃப் ஆர்டர் (வரிசை மாத்தி ஓட்டுற ப்ராசஸர்) மாடல் வினாடிக்கு 2 லட்சம் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஓட்டுதுன்னு வச்சுக்குவோம், ஒரு ட்ரில்லியன் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருக்குற ப்ரோகிராமுக்கு 50 லட்சம் வினாடி, அதாவது கிட்டத்தட்ட 58 நாள், ஒரே ஒரு கான்ஃபிகரேஷனுக்கு. அதனாலதான் எல்லாரும் 2002ல வந்த சிம்பாயிண்ட் முறையப் பிடிச்சுட்டு இருக்காங்க, எந்த பேசிக் ப்ளாக் (நடுவுல கிளை பிரியாத கோட் துண்டு) எத்தனை தடவ ஓடுதுன்னு பாத்து ஒரே மாதிரி துண்டுகள சேத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு துண்டும் அதுக்கு ஒரு வெயிட்டும் குடுக்கும். அந்த வெயிட்ட விட்டுட்டு சும்மா சராசரி எடுத்தா வர்ற நம்பருக்கு அர்த்தமே கிடையாது. வார்ம்அப்பும் (அளக்குறதுக்கு முன்னாடி கேஷும் டேபிளும் நிரம்ப ஓட்டுறது) அப்படித்தான், 50 மில்லியன் இன்ஸ்ட்ரக்ஷன் வார்ம்அப், 200 மில்லியன் அளவுன்னு நிறைய பேப்பர்ல பாப்பீங்க, ஆனா உங்க ப்ரீஃபெச்சர் கத்துக்கிட்டத வச்சிருக்குற டேபிள் பெருசுன்னா அது நிரம்பவே அந்த 50 பத்துமான்னு ஏத்தி ஏத்திப் பாருங்க.

இப்போ கோட் அடிங்க, அடிச்ச கையோட ஸ்பெக் பக்கம் ஓடாதீங்க. விடை முன்னாடியே தெரிஞ்ச சின்ன ப்ரோகிராம் ரெண்டு எழுதிக்கோங்க. ஒண்ணு, ஒரு அர்ரேய நேரா ஒரே இடைவெளியில படிச்சுட்டுப் போறது, ஸ்ட்ரைட், அதாவது அந்த இடைவெளிய, பிடிக்கிற ப்ரீஃபெச்சர் இதுல அனேகமா எல்லா மிஸ்ஸையும் பிடிக்கணும். இன்னொண்ணு, கண்டபடி கலைச்சுப் போட்ட லிங்க்டு லிஸ்ட்ல பாயிண்டர் பிடிச்சுப் போறது, இதுல ஸ்ட்ரைட் ப்ரீஃபெச்சருக்கு லாபம்னு காட்டினா எங்கயோ பக் இருக்கு, சந்தோஷப்படாதீங்க, தேடுங்க. ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னாடி என்ன நம்பர் வரும்னு ஒரு வரி எழுதி வைங்க, இது நான் ரொம்ப நம்புற பழக்கம், ஏன்னா நம்பரப் பாத்தப்புறம் காரணம் சொல்றது யாருக்கும் சுலபம், எழுதி வச்சிருந்தாதான் எங்க தப்பாப் புரிஞ்சிருக்குன்னு தெரியும். கைடு மீட்டிங்குக்கும் அந்த வரியும் ஒரு க்ராஃபும் போதும், இருபது ஸ்லைடு வேணாம்.

சராசரி ஸ்பீடப் ஜியோமெட்ரிக் மீன்ல சொல்லுங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க, ட்ரேஸ் வாரியா வரிசைப்படுத்தி வரைங்க, பல நேரம் ஒரே ஒரு எம்சிஎஃப் ட்ரேஸ் 40 சதவீதம் ஏறி மத்ததெல்லாம் படுத்திருக்கும். ஸ்லர்ம்ல (க்ளஸ்டர்ல ஜாப்ப வரிசையில போட்டு ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்ட ஜாப்ல ரெண்டு செத்துப் போயிருந்தா ஸ்கிரிப்ட் சத்தமில்லாம மிச்சத்துக்கு மட்டும் சராசரி போட்டுடும், அதனால எண்ணிக்கை சரியில்லன்னா ஸ்கிரிப்ட்டே நின்னுடுற மாதிரி எழுதுங்க.

அப்புறம் நியாயமான பேஸ்லைன், அதாவது உங்க ஐடியா இல்லாம ஒப்பிட்டுப் பாக்குற டிசைன், இதுலதான் நான் கறாரா இருப்பேன். உங்க டேபிள் எத்தனை பிட்டுன்னு கூட்டுங்க, 1024 என்ட்ரி, டேக் 12, டெல்டா 7, கான்ஃபிடென்ஸ் 2ன்னா ஒரு என்ட்ரிக்கு 21 பிட், மொத்தம் 2688 பைட், இது சின்னது. அதுவே 64 கேபி ஆச்சுன்னா அந்த 64 கேபிய பேஸ்லைன் கேஷுக்கும் குடுத்து ஓட்டிப் பாருங்க, வெறும் பெரிய கேஷே உங்கள ஜெயிச்சா ஐடியாவ மாத்துங்க. பேண்ட்விட்த்தையும் குறைச்சுப் பாக்கணும். டிடிஆர்4-3200 மெமரி ஒரு சேனல் வினாடிக்கு 25.6 ஜிபி தான், நாலு கோர் அதைப் பங்கு போடும்போது தப்பா கொண்டுவந்த ஒவ்வொரு ப்ளாக்கும் பக்கத்து கோரோட நேரத்தத் தின்னும், ஒத்தை கோர்ல ஜெயிச்சது இங்க பேஸ்லைனுக்குக் கீழயே போகலாம்.

பேப்பர் அனுப்புற டெட்லைன் பொதுவா இந்தத் துறை மாநாடுகள்ல மைக்ரோவுக்கு ஏப்ரல், எச்பிசிஏவுக்கு ஜூலை கடைசி வாக்குல, இஸ்காவுக்கு நவம்பர். அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கான்ஃபிகரேஷன நிறுத்திடுங்க, ஒவ்வொரு ரன்னோட ஃபோல்டர்லயும் கிட் கமிட் நம்பரும் முழு கான்ஃபிக் ஃபைலும் தானா விழணும், ஏன்னா ரிபட்டல்ல (ரிவ்யூவுக்கு நீங்க பதில் சொல்ற கட்டம்) ரிவ்யூவர் கேஷ் சைஸ் மாத்தி ஒரு க்ராஃப் கேட்டா உங்களுக்கு சில நாள்தான் இருக்கும், அப்போ பழைய நம்பர அப்படியே திரும்ப வரவைக்க முடிஞ்சாதான் புது நம்பர பக்கத்துல வைக்க முடியும்.